மூன்று தடவை கூப்பிட்டாள்

கோகிலாவின் அம்மா காமாலையில் செத்துப்போனாள் என்றுதான் சதீஷுக்குச் சொல்லப்பட்டிருந்தது. பெண் பார்க்க வந்தபோது கோகிலாவின் அப்பா வேலுசாமி தலையைக் குனிந்துகொண்டு அதைச் சொன்னார். காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்த கோகிலாவும் மறுக்கவில்லை. ஆனால் அவளுக்குத் தெரிந்த கதை வேறு. அவள் அம்மா மாதம்மா ஏற்காட்டு மலையில் ஒரு எஸ்டேட்டில் கூலி வேலை பார்த்தவள். கோகிலாவுக்கு ஏழு வயதாக இருக்கும்போது, ஒரு மத்தியானம், வேலைக்காட்டிலிருந்து அப்படியே லாரிக்காரன் ஒருவனோடு ஓடிப்போய்விட்டாள். எஸ்டேட் கூலிகள் குடியிருந்த லைன் வீடுகளில் எல்லோரும் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். அப்பாவும் அதையேதான் சொன்னார். மகளைக் கூட்டிக்கொண்டு மலையிறங்கிய பஸ்ஸில் ஒரே ஒரு முறை சொன்னதோடு சரி. அதற்குப் பிறகு அவர்கள் வீட்டில் மாதம்மா என்ற பெயர் யார் வாயிலும் வந்ததில்லை.

அதனால்தான் கல்யாண நாளுக்கு ஏற்காட்டில் இரண்டு நாள் ரூம் போட்டிருக்கிறேன் என்று சதீஷ் வந்து சொன்னபோது, கோகிலாவுக்கு வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை, சரி என்று சொல்லவும் வாய் வரவில்லை. கொடைக்கானல் போகலாமே என்றாள். முட்டி வலிக்கிறது என்றாள். பள்ளிபாளையத்தில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கும் சதீஷ், பண்டிகை நாளில்கூட மத்தியானத்துக்கு மேல்தான் கடையைச் சாத்துகிறவன். அவனே இரண்டு நாள் கடையை மூடிவிட்டு, கூட்டாளியின் காரை இரவல் வாங்கி, அதில் கண்ணாடி எல்லாம் துடைத்து வைத்திருந்தான். அதற்கு மேல் அவளால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

அடிவாரத்தில் நிறுத்தி டீ குடித்துவிட்டு ஏறத் தொடங்கினார்கள். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் சேலம் ஊர் சின்னதாகிக்கொண்டே போனது. சதீஷ் காட்டிய பக்கமெல்லாம் திரும்பிப் பார்த்து கோகிலா தலையாட்டினாள். இந்த ரோட்டில் இதற்கு முன் அவள் ஒரே தடவைதான் போயிருக்கிறாள். அன்றைக்கு வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்தாள். அப்பா தன் துண்டால் அவள் வாயைத் துடைத்துவிட்டுக்கொண்டே வந்தார்.

தங்கும் இடம் ஊரிலிருந்து ஏழெட்டுக் கிலோமீட்டர் உள்ளே இருந்தது. ஏதோ ஓர் ஆங்கிலப் பெயர் வைத்திருந்தார்கள். 'தேயிலைத் தோட்டத்தின் நடுவே தங்குங்கள்' என்று போனில் விளம்பரம் பார்த்துத்தான் சதீஷ் பணம் கட்டியிருந்தான். காரைவிட்டு இறங்கிப் பார்த்தால் கண்ணுக்கு எட்டிய மட்டும் காப்பிச் செடி. உயர உயரமாக சில்வர் ஓக் மரங்கள், அவற்றில் சுற்றிக்கொண்டு ஏறிய மிளகுக் கொடி. அந்த இடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஜெப்சன் என்கிற முப்பது வயது ஆள், தேயிலை எங்கே என்று சதீஷ் கேட்டதும், இந்தக் கேள்வியைத் தினமும் கேட்டுப் பழகியவன்போலச் சிரித்தான். இந்த மலையே காப்பி மலைதான், ஊட்டிபோல எதிர்பார்த்து வந்துவிடுகிறார்கள் என்றான். ஆனால் விளம்பரம் பொய்யில்லையாம். முன்பு இருந்த முதலாளி ஒருவர் ஆசைப்பட்டு வடக்குச் சரிவில் தேயிலை போட்டாராம். அவருக்குப் பின் வந்தவர்கள் கவனிக்காமல் விட்டுவிட்டார்கள்.

"கவாத்து வெட்டாம உட்டா டீச்செடி செடியா நிக்காதுங்க. மரமாயிரும்," என்றான் ஜெப்சன். "வர்றவங்க எல்லாம் அங்க போயி போட்டோ எடுத்துக்குவாங்க. மூணு மணிக்குள்ள மேல வந்துருங்க. பனி எறங்குனா வழி தெரியாது. காட்டெருமையும் சுத்துது."

சாப்பிட்டுவிட்டு இருவரும் கிளம்பினார்கள். காப்பிச் செடிகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை கீழே போனது. சதீஷ் முன்னால் போனான். பாதி தூரத்தில் பாதை இடது பக்கம் திரும்பிய இடத்தில் கோகிலா தன்னையறியாமல் காலை உயரத் தூக்கி வைத்தாள். சருகுக்கு அடியில் ஒரு கல்படி இருந்தது. அது அங்கே இருப்பது கண்ணுக்குத் தெரியவில்லை. அவளுக்கு முன்னால் போன சதீஷ் அதில் தட்டித் தடுமாறியிருந்தான். கோகிலா அடுத்த படியிலும் சரியாகக் காலை வைத்தாள். மூன்றாவது படியிலும் வைத்தாள். அதற்குப் பிறகுதான் அவள் நின்று சுற்றிலும் பார்த்தாள். வலது பக்கம் கூரை இல்லாத குட்டிச்சுவர்கள் வரிசையாக நின்றன. முன்னால் ஒரு குழாய்த் தூண் இருந்தது, குழாய் இல்லை.

அவள் பிறந்த லைன் அது.

அவள் திரும்பி ஓடியிருக்கலாம். சதீஷ் தேயிலைக் காட்டுக்குள் நுழைந்து, வா வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அவள் போனாள்.

உள்ளே வெளிச்சம் பச்சையாக இருந்தது. இடுப்புயரம் நிற்க வேண்டிய தேயிலை, இரண்டாள் உயரத்துக்கு மேல் வளர்ந்து தலைக்கு மேலே கூடிக்கொண்டிருந்தது. அடிமரங்கள் முறுக்கிக்கொண்டு, வெள்ளை வெள்ளையாகப் பாசி படிந்து நின்றன. இத்தனை வருஷம் ஆகியும் நட்ட நிரை கலையவில்லை. எந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாலும் மரங்கள் வரிசையாகவே நின்றன, யாரோ பெயர் கூப்பிடக் காத்து நிற்கும் ஆட்களைப்போல. சதீஷ் போட்டோ எடுத்தான். அவளை ஒரு மரத்தில் சாய்ந்து நிற்கச் சொன்னான். அவள் நின்றாள். மணி இரண்டே கால்தான் ஆகியிருந்தது. ஆனால் பனி கீழேயிருந்து ஏறி வந்துவிட்டது. முதலில் கடைசி நிரை மறைந்தது, அப்புறம் அதற்கு முந்தினது. கொஞ்ச நேரத்தில் சதீஷின் சட்டை மட்டும் மங்கலாகத் தெரிந்தது.

அப்போதுதான் குரல் கேட்டது.

"ராணீ... ஏ ராணீ..."

சரிவுக்குக் கீழேயிருந்து வந்தது. வயசுப் பெண்ணின் குரல். அதில் பயம் இல்லை. வேலைக்கு நடுவில் பக்கத்து நிரைக்காரியைத் தேடுகிற சாதாரணக் குரல். கோகிலாவிடம் அம்மாவின் போட்டோ ஒன்றுகூடக் கிடையாது. முகம் எப்போதோ மறந்துபோயிருந்தது. குரல் எப்படி இருக்கும் என்று அவள் யோசித்துப் பார்த்ததே இல்லை. இப்போது அந்த இரண்டு சொல்லைக் கேட்டதும், தலைக்கு எண்ணெய் வைத்துச் சிக்கெடுத்துக்கொண்டே பேசுகிற ஒருத்தியின் முழங்கால்களுக்கு நடுவில் தான் உட்கார்ந்திருப்பதுபோல அவளுக்கு இருந்தது.

மேலேயிருந்து இன்னொரு குரல் பதில் சொன்னது. அது கிழடு தட்டிய குரல். "இங்கதான் இருக்கேன்... மேல வா மாதம்மா... சத்தம் வர்ற பக்கமா மேல ஏறி வா..."

சதீஷ் பக்கத்தில் வந்து அவள் தோளைத் தொட்டான். யாரோ ஓர் அம்மா யாரையோ கூப்பிடுகிறாள், மாடு கீடு தவறிவிட்டது போல என்றான்.

"ரெண்டு பேரு பேசறாங்க," என்றாள் கோகிலா.

"ரெண்டு பேரா? ஒரு கொரல்தானே கேட்டுச்சு?"

"கீழயிருந்து கூப்பிடறது உங்களுக்குக் கேக்கலைங்களா?"

அவன் காது கொடுத்துக் கேட்டான். மறுபடியும் கீழேயிருந்து ராணீ என்றது. அவன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. மேலேயிருந்து பதில் வந்ததும்தான் தலையைத் திருப்பினான். கோகிலா கீழே நடக்கத் தொடங்கினாள். இரண்டு நிரை தாண்டியிருப்பாள், அவன் ஓடிவந்து கையைப் பிடித்து நிறுத்தினான். அவள் காலுக்கு முன்னால் மண் சரிந்து கீழே போயிருந்தது. எவ்வளவு ஆழம் என்று பனியில் தெரியவில்லை. அவன் ஒன்றும் கேட்காமல் அவளை இழுத்துக்கொண்டு, கிழவியின் குரல் வந்த திசையைப் பார்த்து மேலே ஏறினான்.

சரிவின் உச்சியில் ஒரு பாறைமேல் அந்த அம்மாள் நின்றிருந்தாள். அறுபதைத் தாண்டியவள். தேயிலை பறிக்கிறவர்கள் மழைக்குப் போட்டுக்கொள்வதுபோலச் சாக்கை மடித்துத் தலையில் கொங்காணி போட்டிருந்தாள். கைகளை வாயருகே குவித்துக்கொண்டு மறுபடி கூப்பிட வாயெடுத்தவள், பனிக்குள்ளிருந்து மேலே ஏறிவந்த கோகிலாவைப் பார்த்துவிட்டாள். குவித்த கை அப்படியே நின்றது. அவள் மெல்ல முட்டி போட்டு உட்கார்ந்தாள்.

"வந்துட்டியா," என்றாள். "மேல ஏறி வர இத்தன காலமாச்சா உனக்கு?"

சதீஷுக்கு ஒன்றும் புரியவில்லை. கோகிலாவுக்குப் புரிந்தது. அவள் இரண்டடி முன்னால் போய், "நான் அவங்க மக," என்றாள்.

அந்த அம்மாள் அவள் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு எழுந்து, திரும்பிப் பார்க்காமல், காப்பிக் காட்டுக்குள் வேகவேகமாகப் போய்விட்டாள்.

ரூமுக்கு வந்ததும் சதீஷ் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டான். கோகிலா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். காமாலை இல்லை, ஓடிப்போனது, இந்த லைன், அந்தக் கல்படி, எல்லாம் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் ஓடிப்போனவள் மகள் என்று தன்னைப் பற்றிக் கிசுகிசுத்தது, அதற்காகவே அப்பா மூன்று ஊர் மாறியது, தான் எந்த ஆம்பிளையோடும் சிரித்துப் பேசாமல் வளர்ந்தது, இதையெல்லாம் சொல்லும்போது அவள் குரல் உடையவில்லை, மனப்பாடம் செய்த கணக்கை ஒப்பிப்பதுபோல இருந்தது. சதீஷ் ஜன்னல் பக்கம் நின்றிருந்தான். வெளியே வெறும் வெள்ளை.

"இதச் சொல்லியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்னு நெனச்ச?" என்று மட்டும் கேட்டான். அவன் கம்பளியை எடுத்து அவள்மேல் போர்த்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

காலையில் ஜெப்சனிடம் விசாரித்தார்கள். ராணியம்மாவா, வாழவந்தி போகிற வழியில் மகன் வீட்டில் இருக்கிறார்கள் என்றான். பனி இறங்கினால் போதும், எங்கிருந்தாலும் வந்து அந்தப் பாறைமேல் நின்று கத்திக்கொண்டிருப்பார்களாம். தங்க வருகிறவர்கள் பயப்படுகிறார்கள் என்று முதலாளி எவ்வளவோ சொல்லிப் பார்த்தும் நிற்கவில்லையாம். எதிர்க்குரல் எதையும் தான் கேட்டதில்லை என்றான் ஜெப்சன். அவன் அதைச் சொல்லும்போது வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தான்.

ராணி வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள், இவர்கள் வருவார்கள் என்று தெரிந்ததுபோல. வீட்டில் மகனும் மருமகளும் வேலைக்குப் போயிருந்தார்கள். அவள் பாய் விரித்தாள். தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அதைத் தொடாமல் உட்கார்ந்திருந்த கோகிலாவைப் பார்த்து, எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் கைகளைத் தேய்த்துக்கொண்டாள்.

"உங்கம்மா ஓடிப்போகல கண்ணு," என்றாள். "அத மொதல்ல சொல்லிப்போடறேன்."

ராணி சொல்லச் சொல்லக் கோகிலா கேட்டுக்கொண்டிருந்தாள்.

ராணியும் மாதம்மாவும் பக்கத்துப் பக்கத்து வீடு, பக்கத்துப் பக்கத்து நிரை. ஒன்றாகத்தான் வேலைக்குப் போவார்கள். பனி இறங்கிவிட்டால் நிரையில் நிற்கிற பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொள்வது அங்கே வழக்கம். கூப்பிட்டவளுக்கு மற்றவள் குரல் கொடுக்க வேண்டும். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் மேடு எது, பள்ளம் எது என்று தெரிந்து வருவார்கள். அந்த வருஷம் ஐப்பசியில் இருவருக்கும் குழாயடியில் சண்டை வந்தது. யார் குடம் முதலில் என்பதுதான் சண்டை. மாதம்மா ராணியின் பித்தளைக் குடத்தைத் தள்ளிவிட, அது கல்லில் விழுந்து நசுங்கிப்போனது. ராணியின் தாய்வீட்டுச் சீதனக் குடம் அது. ஐந்து நாள் இருவரும் பேசவில்லை. ஆறாவது நாள் மத்தியானம் பனி இறங்கியது. அன்றைக்கு இறங்கிய பனிபோல அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை என்றாள் ராணி. நீட்டிய கை தெரியவில்லையாம்.

"என்னயக் கூப்பிட்டா," என்றாள். "பேச்சு வார்த்த இல்லாட்டியும் என்னயத்தான் கூப்பிட்டா. எனக்கு நல்லாக் கேட்டுச்சு. நான் வாயத் தொறக்கல. மூணு தடவ கூப்பிட்டா."

சதீஷ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மூணு தடவன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள் கோகிலா. "எண்ணிட்டிருந்தீங்களா?"

ராணி அவளை நிமிர்ந்து பார்த்தாள். "ஆமா சாமி, எண்ணினேன். நாலாவது தடவ கூப்பிட்டா பதில் சொல்லலாம்னு நின்னேன்."

நாலாவது தடவை கூப்பிடவில்லை. மாதம்மா வேறு யாருடனாவது மேலே போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு ராணி வீட்டுக்கு வந்துவிட்டாள். இருட்டிய பிறகு வேலுசாமி வந்து கேட்டபோதுதான் மாதம்மா வீடு வந்து சேரவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. மறுநாள் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டரும் வேலுசாமியும் எல்லோரையும் நிற்கவைத்து விசாரித்தார்கள். கடைசியாக மாதம்மாவைப் பார்த்தது யார் என்று கேட்டதும், ராணி, அவள் ரோட்டுப் பக்கம் போனதைப் பார்த்தேன் என்று சொல்லிவிட்டாள். பொய்தான். கூப்பிட்டும் நீ ஏன் பதில் சொல்லவில்லை என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்கிற பயத்தில் வாயில் வந்த பொய். ரோட்டுப் பக்கம் என்றதும் அங்கே நின்ற லாரி யாருக்கோ ஞாபகம் வந்தது. லாரி என்றதும் லாரிக்காரன் வந்துவிட்டான். சாயங்காலத்துக்குள் கதை முழுசாகிவிட்டது. முந்தின ராத்திரியிலிருந்து சரிவுப் பக்கம் தேடிக்கொண்டிருந்தவர்கள், அதோடு தேடுவதை விட்டுவிட்டார்கள்.

ஒன்பது வருஷம் கழித்து ஒரு கோடையில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தது. சரிவுக்குக் கீழே தேயிலை ஃபேக்டரிக்கென்று வெட்டி, பாதியில் விட்ட பழைய தண்ணிக்குழி ஒன்று செடி மூடிக் கிடந்தது. அதைத் தூர் வார ஆள் விட்டார்கள். சேற்றுக்குள் எலும்பும் ஒரு ஜோடி மெட்டியும் வந்தன. அப்போது இருந்த முதலாளி, போலீஸ் கீலீஸ் என்று போக வேண்டாம், பழைய காலத்துச் சமாதியாக இருக்கும் என்று சொல்லி, கொஞ்சம் தள்ளி ஒரு மரத்தடியில் புதைக்கச் சொல்லிவிட்டார். குழியைக் கல்லைப் போட்டு மூடினார்கள். மெட்டியைப் பார்த்ததும் ராணிக்குத் தெரிந்துவிட்டது. அவளும் மாதம்மாவும் மாரியம்மன் பண்டிகைக்குச் சேலத்தில் ஒன்றாகப் போய் வாங்கியது.

"அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?" என்றாள் கோகிலா.

"சொன்னேன். சங்ககிரியில இருந்தீங்க நீங்க. தேடிக் கண்டுபிடிச்சு ஊட்டுக்கு வந்து உங்கப்பங்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன். நீ அப்ப பள்ளிக்கூடம் போயிருந்த. அவரு என்னய அடிப்பாருன்னு நெனச்சேன். அடிக்கல. இது இப்படியே இருக்கட்டும், புள்ளைக்குத் தெரிய வேண்டாம்னு சொல்லிப்போட்டாரு."

கோகிலா எழுந்து வெளியே போனாள். முள்வேலி ஓரம் நின்று போனில் அப்பாவைக் கூப்பிட்டாள். வேலுசாமிக்கு இப்போது எழுபது வயது. சர்க்கரை முற்றி, ஒரு காலில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். பிற்பாடு அவர் கட்டிக்கொண்ட இரண்டாவது மனைவியும் செத்து நாலு வருஷமாகிறது. அவர் எடுத்ததும், தான் நிற்கும் இடத்தைக் கோகிலா சொன்னாள். யார் வீட்டு வாசல் என்பதையும் சொன்னாள். அந்தப் பக்கம் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதை நிறுத்துவது கேட்டது.

"அங்க பனி எறங்கிருச்சா?" என்று கேட்டார்.

"ஏம்ப்பா சொல்லல?"

"ஓடிப்போனான்னு நெனச்சப்ப கோவமா இருந்துச்சு கண்ணு. அந்தக் கோவத்துல ஒம்பது வருசம் ஓட்டிட்டேன், உன்னய வளத்துட்டேன். ரெண்டாவது நாளே நானும் தேடறத உட்டுட்டு வந்தவன். குழிக்குள்ள கெடந்தான்னு தெரிஞ்சதுக்கப்புறம், அத உங்கிட்ட எப்படிச் சொல்லுவேன்? என்னால சொல்ல முடியல."

அவள் கத்தவில்லை, அழவும் இல்லை. அம்மா எப்படி இருப்பாள் என்று கேட்டாள். இருபத்தொன்பது வருஷத்தில் அவரிடம் அவள் அதைக் கேட்டதே இல்லை. அவர் சொன்னார். திக்கித் திக்கி, உதட்டுக்குக் கீழே ஒரு மச்சம் என்று ஆரம்பித்து, ஒரு கால் மணி நேரம் சொன்னார். சதீஷ் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த மரத்தடிக்கு ராணி அவர்களைக் கூட்டிப்போனாள். ஆளுயரக் கல் எதுவும் இல்லை. ஒரு கை அகலத்துக்கு ஒரு கல், அதில் மஞ்சள், காய்ந்துபோன சாமந்தி. ராணி இருபது வருஷமாகப் பூ வைத்துவருகிறாள். கோகிலா அவளைத் தடுக்கவில்லை, நன்றியும் சொல்லவில்லை. மன்னித்தேன் என்ற சொல் அவள் வாயிலிருந்து அன்றைக்கும் வரவில்லை, பிறகும் வரவில்லை. அடுத்த வாரமே சதீஷ் வேலுசாமியைக் காரில் வைத்து மலைக்கு ஏற்றிக் கொண்டுவந்தான். முறைப்படி காரியம் செய்தார்கள். விரல் இல்லாத காலோடு சரிவில் இறங்க முடியாமல், வேலுசாமி சதீஷின் முதுகில் ஏறிக்கொண்டு போய் அந்தக் கல்லுக்குத் தண்ணீர் விட்டார். பெயர் வெட்டிய புதுக்கல் ஒன்று நட்டார்கள். இப்போதைய முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு வெயில் அடித்தது. எந்தக் குரலும் கேட்கவில்லை. எல்லாம் முடிந்துவிட்டது என்று கோகிலா நினைத்தாள். பள்ளிபாளையத்துக்குத் திரும்பி, தான் வேலை பார்க்கும் மருந்துக்கடைக்கு வழக்கம்போலப் போகத் தொடங்கினாள்.

மார்கழியில் ஒரு நாள் ராணி போன் செய்தாள். நம்பரை வாங்கி வைத்திருந்தாளே தவிர அதுவரை கூப்பிட்டதில்லை. சொல்ல வந்ததைச் சொல்லாமல், மழை, மிளகு, மருமகள் என்று எதையெதையோ பேசினாள். என்ன விஷயம் என்று கோகிலா கேட்டாள்.

"இப்பல்லாம் அவ என்னயக் கூப்பிடறதில்ல கண்ணு," என்றாள் ராணி.

"நல்லதுதானே."

"என்னயத்தான் கூப்பிடறதில்ல." ராணி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "உன் பேரச் சொல்லிக் கூப்பிடறா. பத்து நாளா. நான் பதில் குடுத்தா நிக்க மாட்டேங்கறா. பொழுது எறங்கற வரைக்கும் கூப்பிட்டுட்டே இருக்கா. என்னால காதுல கேக்க முடியல சாமி."

கோகிலா போனை வைத்துவிட்டு, கடை கவுண்டரில் வாங்க வந்தவருக்கு மாத்திரையை மாற்றிக் கொடுத்துவிட்டாள். அவர் இது இல்லைங்க என்று திருப்பிக் கொடுத்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் ஏற்காட்டுக்குக் கிளம்பினாள். தனியாக விடமாட்டேன் என்று சதீஷும் வந்தான். வழியில் அவன் ஒரே ஒரு விஷயம்தான் சொன்னான். தனக்கு அந்தக் குரல் கேட்காது, அதனால் தான் சொல்வதை அவள் கேட்க வேண்டும் என்றான். அவள் சரி என்றாள்.

இரண்டு மணிக்கு மூவரும் பாறைமேல் போய் நின்றார்கள். பனி கீழேயிருந்து ஒவ்வொரு நிரையாக மூடிக்கொண்டு ஏறி வந்தது. ராணி தன் கொங்காணியைக் கழற்றி கோகிலாவின் தலையில் போட்டாள். பிறகு அவள் வலது கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். சதீஷ் இடது கையைப் பிடித்துக்கொண்டான்.

"பதில் சொல்லு," என்றாள் ராணி. "ஆனா எறங்காத. அவ உன்னப் பெத்தவதான். ஆனாலும் எறங்காத."

"கோகிலா..." என்றது கீழே. சாப்பிடக் கூப்பிடுவதுபோல இருந்தது. விளையாடப் போன பிள்ளையை, நேரமாகிவிட்டதே என்று கூப்பிடுவதுபோல இருந்தது. கோகிலாவின் கால் ஓரடி முன்னால் போனது. இரண்டு பக்கமும் பிடி இறுகியது. இரண்டாவது தடவை கூப்பிட்டபோது குரல் கிட்டத்தில், நாலைந்து நிரைக்கு அப்பால் கேட்டது. சருகு மிதிபடும் சத்தமும் கூடவே வந்தது. சதீஷ் சட்டென்று அந்தப் பக்கம் திரும்பினான். சருகுச் சத்தம் அவனுக்கும் கேட்டிருந்தது.

மூன்றாவது தடவை கூப்பிடக் கோகிலா விடவில்லை.

"அம்மா, நான் இங்கதான் இருக்கேன்," என்று கோகிலா பனிக்குள் பார்த்துச் சொன்னாள். "நீ மேல வா."

மிதிபடும் சத்தம் நின்றது. ராணி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பிறகு சருகு மறுபடி நொறுங்கத் தொடங்கியது, மெதுவாக, மேட்டில் ஏறுகிறவர்களின் நடைபோல, ஒவ்வொரு அடியாக அவர்களை நோக்கி.